ஒற்றை ஊர் நாடாகாது

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் நாட்டை விட்டுப் பிரிந்தது ஒரு புளியமரத்தால். சிரிக்க வேண்டாம். பெரிய பெரிய தேசங்கள் பிரிந்த கதைகளைப் பள்ளிக்கூடத்தில் நானும் படித்திருக்கிறேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அங்கேயும் யாரோ இரண்டு பேர் ஒரு மரத்தடியில் நின்று கத்திக்கொண்டிருந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாடு என்றதும் டெல்லியை நினைத்துக்கொள்ளக் கூடாது. ஜவ்வாது மலையில் எங்களுக்கு நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த ஒரு கூட்டு. ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஊர்க்கவுண்டர். எல்லா ஊர்களுக்கும் மேலே நாட்டார் ஒருவர். ஊருக்குள் வரும் வழக்கை ஊர்க்கவுண்டர் தீர்ப்பார். ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் நடுவே வந்தால் நாட்டார் உட்காருவார். கல்யாணம், சாவு, கோயில் பொங்கல் மூன்றுக்கும் நாட்டின் எல்லா ஊர்களும் கூடியாக வேண்டும். அரசாங்கத்துக்கு இந்த ஏற்பாடு தெரியாது. அதற்குத் தாசில்தார், பஞ்சாயத்து யூனியன், ரேஞ்சர் என்று வேறு ஆட்கள். அவர்கள் எங்களுக்கு மழை மாதிரி. வந்தால் வருவார்கள்.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது. நான் மலையிலேயே விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்து, கணக்கில் கோட்டை விட்டவள். அம்மா ஊரிலிருந்து ஓர் ஓடையைத் தாண்டினால் புருஷன் ஊர். மாமனார்தான் அந்த ஊரின் ஊர்க்கவுண்டர். மாமியார் அப்போதே இல்லை. வீட்டில் நாங்கள் இருவரும், மாமனாரும், பாவாடை தாவணிக்கு மாறியிருந்த நாத்தனார் ஒருத்தியும்.

என் புருஷன் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அவருக்கு இருந்த ஒரே குணக்கேடு, எந்தப் பேச்சிலும் தோற்காமல் இருப்பது. புளியும் கடுக்காயும் விற்கச் செங்கம் சந்தைக்குப் போனால் பொதுக்கூட்டம் கேட்காமல் திரும்ப மாட்டார். அப்போது மேடைக்கு மேடை மாநில சுயாட்சி, மத்திய அரசின் அதிகாரம், அரசியல் சட்டத்தைத் திருத்து என்று முழங்கிக்கொண்டிருந்த காலம். அதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து, குழம்பில் உப்பு ஏன் குறைந்தது என்பதை அதே குரலில் விசாரிப்பார். உப்பு சரியாகத்தான் இருந்தது என்று நான் ஆரம்பிப்பேன். அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டு, கடைசியில் உப்பு குறைவுதான் என்று நானே ஒப்புக்கொள்வேன்.

கல்யாணமான சில வாரங்களில் ஜமுனாமரத்தூரில் பால்வாடி டீச்சர் வேலைக்கு ஆள் எடுப்பதாகத் தகவல் வந்தது. எனக்கு அந்த வேலை மீது உயிர். அவர் ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உட்காரவைத்து இரண்டு இரவு பேசினார். மூன்றாம் நாள் காலையில் என் வாயாலேயே “எனக்கு அந்த வேல வேணாம்” என்று சொல்ல வைத்தார். அடித்திருந்தால் காட்டுவதற்குத் தழும்பாவது இருந்திருக்கும். அன்று ஓடைக்குத் தண்ணீருக்குப் போனவள் குடத்தை வைத்துவிட்டு அழுதேன். இந்த மனிதரோடு இருந்தால் நான் என்று ஒருத்தி மிஞ்ச மாட்டாள் என்ற பயம் அன்று வந்தது. அந்தப் பயம் நியாயமானது என்றே இன்றும் சொல்வேன்.

எங்கள் மலையில் இதற்கு வழி இருந்தது. மலைக்குக் கீழே இருக்கும் பெண்களுக்கு இல்லாத வழி. ஒருத்திக்குப் புருஷனைப் பிடிக்கவில்லை என்றால் ‘பிடிக்கல’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஏன், எதற்கு என்று குடைய மாட்டார்கள். இரண்டு ஊர்க் கவுண்டர்களும் நாட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து, பரிசம் வாங்கியதைத் திருப்பச் சொல்லி, தீர்த்துவிட்டார்கள் என்றால் அவள் அம்மா வீட்டுக்குப் போகலாம், வேறு கல்யாணமும் செய்துகொள்ளலாம். மூன்று பேரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். தீர்த்துவிடாமல் ஒருத்தி அம்மா வீட்டில் வந்து உட்கார்ந்தால், இடம் கொடுத்த அப்பனை ஊரே தள்ளிவைக்கும்.

மாமனாரிடம் போய் ‘பிடிக்கல’ என்று சொன்னேன். “சரிம்மா. சாமை அறுப்பு முடியட்டும். நாட்டார உக்கார சொல்றேன்” என்றார். புருஷன் அன்றும் பேசினார். ஆனால் ‘பிடிக்கல’ என்ற சொல்லை வாதாடி உடைக்க வழக்கம் இடம் கொடுக்கவில்லை. அவர் வாய் அடைபட்டு நான் பார்த்தது அப்போதுதான். அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவள் எனக்காக வீட்டில் ஒரு மூலையைச் சாணி போட்டு மெழுகி வைத்தாள்.

அறுப்பு முடிவதற்குள் புளியமரம் வந்துவிட்டது.

ஊரில் அண்ணன் தம்பி இருவர் ஒரு மரத்துக்காகச் சண்டை போட்டார்கள். மாமனார் விசாரித்து அண்ணனுக்கு என்றார். தம்பி ஒத்துக்கொள்ளாமல் நாட்டாரிடம் போய்விட்டான். நாட்டார் இரண்டு பேரையும் கூப்பிட்டு, மரம் தம்பிக்கு என்று மாற்றிச் சொன்னார். ஊருக்குள் நடந்த வழக்கில் நாட்டார் தலையிட்டதே தப்பு என்று ஊர் கொதித்தது. கொதித்த ஊருக்குப் பேச ஓர் ஆள் வேண்டுமே, என் புருஷன் இருந்தார்.

கூட்டத்தில் அவர் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பெண்கள் நாங்கள் பின்னால், மாட்டுக்கொட்டகை ஓரம் நின்றிருந்தோம்.

“நாடு எங்கேந்து வந்துது? ஊருங்க சேந்துதான நாடு? ஊரு மொதல்ல, நாடு அப்பறம். சேந்தவன் நாமதான். நாம சேந்தது நம்ம இஷ்டம்னா பிரியறதும் நம்ம இஷ்டம். கட்டிப் போட்டா வெச்சிருக்குது? இனிமே நம்ம ஊருதான் தனி நாடு.”

கிழவர் ஒருவர் மட்டும் எழுந்தார். “அப்படி இல்லடா. நாடு இருந்துது, அதுல ஊரு முளச்சுது. எங்க தாத்தா காலத்துல இந்த ஊரே இல்ல. நாட்டார்தான் எடம் காட்டி உக்கார வெச்சாரு.”

“உக்கார வெச்சவரு எழுந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னாரா?” என்றார் என் புருஷன். எல்லோரும் சிரித்தார்கள். கிழவர் உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலமே ஊர் நாட்டை விட்டுப் பிரிந்தது.

பக்கத்தில் நின்றவளைப் பார்த்தேன். அவளும் அழாத குறைதான். எங்கள் வழக்கத்தில் ஓர் ஊர் என்றால் ஒரே வகையறா, ஆண்கள் எல்லோரும் பங்காளிகள். ஊருக்குள் பெண் எடுக்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. அந்த ஊரில் குடும்பம் நடத்திய பெண்களில் ஒருத்தியும் அங்கே பிறந்தவள் இல்லை. எல்லோருக்கும் அம்மா வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், மலைக்கு அந்தப் பக்கம், நாட்டுக்குள். அம்மா ஊரை விட்டுப் பிரிய எங்களை ஒருவரும் கேட்கவில்லை. அது மட்டுமா, இந்த ஊர்ப் பையன்களுக்கு இனி யார் பெண் கொடுப்பார்கள் என்பதைக்கூட அந்த ஆண்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. அவ்வளவு நன்றாகப் பேசினார் என் புருஷன்.

நாட்டிலிருந்து பதில் வந்தது. நாட்டு ஊர்களில் யாரும் அந்த ஊருக்கு நெருப்பு, தண்ணீர், பேச்சு கொடுக்கக் கூடாது. கல்யாணம், சாவு எதற்கும் போக்குவரத்து கூடாது. ஓடை நாட்டுக்குச் சொந்தம் என்பதால் எங்களுக்குத் தனியாக ஓர் ஊற்றுத் தோண்டிக்கொண்டார்கள். சித்திரையில் அது வற்றும். பஸ் அரசாங்கத்துடையது, அதில் ஏறலாம். பஸ் நிற்கும் இடம் பக்கத்து ஊர் எல்லையில் இருந்தது, அங்கே நிற்கக் கூடாது. காட்டுக்குள் சுற்றி நடந்து அடுத்த வளைவில் கை காட்ட வேண்டும். பாதி நாள் டிரைவர் நிறுத்தமாட்டார்.

அம்மா சில நாள் ஓடைக்கு அந்தக் கரையில் துணி துவைக்கிற மாதிரி வந்து உட்காருவாள். நான் இந்தக் கரையில் விறகு பொறுக்குவேன். பேச முடியாது. அவள் ஒரே சேலையைத் திரும்பத் திரும்பத் துவைத்துக்கொண்டிருப்பாள். ஒரு தரம் மட்டும் தலையைத் தூக்காமல், “வந்துடாதடி. அப்பனத் தள்ளி வெச்சிருவாங்க” என்று சொன்னாள். அதற்குத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

ஒரு நாள் துணிந்து புருஷனிடமே கேட்டேன். “நாட்டாரு இல்லாம தீர்த்துவிட முடியாதுன்றீங்க. நம்ம ஊருதான் இனிமே தனி நாடுன்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப மாமாவே நாட்டாரு. அவரே தீர்த்து வுடட்டும்.”

எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது. இதற்கு என்ன பதில் சொல்லிவிட முடியும் என்று நின்றேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

“நாடுன்னா ரெண்டு ஊராவது வேணும். ஒத்த ஊரு எப்படி நாடாவும்?”

“அன்னிக்கி கூட்டத்துல வேற மாதிரி பேசினீங்க.”

“அது நாட்டாருக்குச் சொன்னது. இது ஒனக்கு.”

மாமனாரைப் பார்த்தேன். அவர் சங்கடப்பட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மகன் முன்னால் அவரும் என்னைப் போலத்தான்.

இன்னொரு தரம் அவராகவே என் பழைய குடிமையியல் புத்தகத்தை எடுத்துவந்து, பிரிந்து போகலாம் என்று அதில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா பார் என்றார். நாட்டார் பக்கத்து ஆள் ஒருவன் சந்தையில் அவரை மடக்கியிருக்கிறான் போல. நான் படித்துக் காட்டினேன். இந்தியா மாநிலங்களின் ஒன்றியம். பாராளுமன்றம் நினைத்தால் மாநிலத்தை வெட்டலாம், ஒட்டலாம், பேர் மாற்றலாம். மாநிலம் ஒன்றியத்தை விட்டுப் போக வழி எதுவும் சொல்லப்படவில்லை. எங்கள் டீச்சர் விளக்கியதையும் சேர்த்துச் சொன்னேன். சில தேசங்களில் மாநிலங்கள் கூடி வந்து தேசத்தை உண்டாக்கினவாம். நம் தேசத்தில் ஒன்றியம் உட்கார்ந்து மாநிலங்களை வெட்டித் தைத்ததாம்.

“அப்ப அந்தக் கெழவன் சொன்னதுதான் அதுலயும் இருக்குது” என்றார்.

“ஆமா” என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு ஒரு வாரத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷப்பட வேறு எதுவும் அப்போது இல்லை.

ஜமுனாமரத்தூர் வாரச்சந்தை யாருக்கும் சொந்தமில்லாத இடம். அங்கே ஒரு நாள் நாட்டாரைப் பார்த்துவிட்டேன். மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, தரையைப் பார்த்தபடி என் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், எழுந்து போய்விடவில்லை.

“ஊர்க்கவுண்டரு மருமவ நீ. தெரியுது. ஆனா ஒங்க ஊரு நாட்டுல இல்லியேம்மா. இல்லாத ஊருக்கு நான் எப்படி உக்கார்றது? மொதல்ல ஊர வர சொல்லு.”

“ஊர நானா வுட்டுட்டுப் போனேன்?”

அவர் மிளகாயை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

திருப்பத்தூருக்குப் புளி விற்க எல்லோரும் இறங்கியபோது பல்வலி என்று சொல்லி ஒரு வக்கீல் வீட்டுப் படி ஏறினேன். கோர்ட்டில் போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. அவர் பொறுமையாகக் கேட்டார். இந்து விவாகச் சட்டம் உங்கள் மாதிரி மலைச் சாதியாருக்குப் பொருந்தாது என்றார்.

“உங்க வழக்கம்தாம்மா உங்களுக்குச் சட்டம். வழக்கப்படி தீர்த்துட்டாங்கன்னு உங்க பெரியவங்க வந்து சொன்னா கோர்ட்டு ஒத்துக்கும்.”

“பெரியவங்க உக்கார மாட்டேன்றாங்களே சார்.”

“அப்ப நான் இன்னா பண்றது?” என்றார். படி இறங்கும்போது நிஜமாகவே பல் வலிக்க ஆரம்பித்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். ஊர் சொல்கிறது, நாட்டார் வேண்டும். நாட்டார் சொல்கிறார், ஊர் வேண்டும். அரசாங்கம் சொல்கிறது, உங்கள் வழக்கம் வேண்டும். அம்மா சொல்கிறாள், வராதே. எலிப்பொறிக்குள் போன எலிக்காவது ஒரே ஒரு கதவுதான் சாத்தும். நான் ஓடிப்போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்கே போவது? எனக்குத் தெரிந்த உலகம் செங்கத்தில் ஆரம்பித்துத் திருப்பத்தூரில் முடிந்தது. அப்பனையும் அம்மாவையும் ஊர் தள்ளிவைக்க நான் விடவும் மாட்டேன்.

இதற்கு நடுவில் மகள் பிறந்தாள். பிரசவத்துக்கு அம்மா வர முடியவில்லை. நாத்தனார்தான், கல்யாணமாகாத சின்னப் பெண், என் கையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். குழந்தையை முதலில் வாங்கியதும் அவள்தான். அப்புறம் அந்தக் குழந்தை அவள் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை. வழக்கப்படி பிள்ளை அப்பன் ஊருக்குச் சொந்தம். அதனால் மகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு மாதிரியும் இருக்கும். எனக்கென்று ஒருத்தி வந்துவிட்டாள் என்று மனசு நிறையும். கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் விழுந்தது என்றும் தோன்றும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வருஷங்கள் போகப் போக என் கணக்கு நிஜமாயிற்று. ஊரில் கல்யாணம் என்ற ஒன்று நின்றுபோனது. மீசை முளைத்த பையன்கள் மாடு மேய்த்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனாருக்கு என் அம்மா ஊரில் ஒரு பையனைச் சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். அவனும் எத்தனை நாள் காத்திருப்பான், வேறு இடம் பார்க்கிறார்கள் என்று சேதி வந்தது. அவள் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள். ஒரு நாள் என் புருஷன் ஏதோ மேடைப் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, “எனக்கு மாப்பிள்ள கொண்டாந்துட்டு அப்பறம் பேசுண்ணா” என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவர் முதல்முறையாகப் பேச்சைப் பாதியில் நிறுத்தினார்.

எண்பதுகள் பிறந்த சமயம், மாமனார் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நாட்டாரிடம் போனார். திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க. நாட்டார் சொன்ன பதிலை வந்து அப்படியே சொன்னார்.

“திரும்ப சேக்கறதுக்கு நீங்க எங்கடா போனீங்க? நாட்ட வுட்டு ஒரு ஊரு போவவே முடியாது. நீங்க போவல. கோச்சிக்கினு மூலையில உக்காந்திருந்தீங்க. எழுந்து வந்து சோறு துன்னுங்க.”

அந்தச் சோற்றுக்கும் நிபந்தனைகள் இருந்தன. நாட்டுக் கோயிலில் ஒரே அடுப்பில் சோறு பொங்கும். எல்லா ஊர்களும் வரிசை வரிசையாக உட்கார்ந்து சாட்சி பார்க்கும். எங்கள் ஊர் வரிசையில் கிழவன் முதல் குழந்தை வரை ஒருவர் விடாமல் தின்ன வேண்டும். ஓர் இலை மிச்சமானாலும் ஊர் உள்ளே வரவில்லை என்று அர்த்தம். நடுவில் பிறந்த குழந்தைகள் நாட்டுக் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. எந்த வரிசையில் உட்கார்ந்து தின்கிறதோ அந்த ஊர்ப் பிள்ளை. பெரியவர்களுக்கும் அதேதான், அந்த வரிசையில் கை நனைத்தவர்கள் அந்த ஊர். கடைசியாக ஒன்று. இது என் புருஷன் போய்ப் பேசி வாங்கிவந்தது. நடுவில் நடந்த எந்த விவகாரத்தையும் அதற்கப்புறம் யாரும் கிளறக் கூடாது. பிரியவே இல்லை என்றான காலத்தில் எதுவும் நடக்கவில்லை.

எதற்காக அதைக் கேட்டு வாங்கினார் என்று எனக்குத் தெரியாதா? தின்று கை கழுவியதும் என் வாய் நிரந்தரமாக மூடிவிடும். ஆனால் அந்த நிபந்தனைகளை இரண்டு நாள் மனசுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் எனக்கு ஒரு சந்து தெரிந்தது. தின்றால்தானே? நான் தின்னாமல் உட்கார்ந்தால் மொத்த ஊரும் வாசலில் நிற்கும். இன்னொன்று, அதை நினைத்ததும் எனக்கு மூச்சே நின்றது. என் மகள் அந்த வரிசையில் தின்னாவிட்டால் அவள் இன்னும் எந்த ஊரும் இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு என் அம்மா வரிசையில் போய் உட்காரலாம்.

கோயிலுக்குப் போகிற வழியில் மகளை முன்னால் நிறுத்திச் சொன்னேன். “அம்மா துன்னாம நீ வாய்ல வெக்கக் கூடாது. பசிச்சாலும் வெக்கக் கூடாது. சரியா?” தலையை ஆட்டினாள். விடியும் முன்பே கிளப்பி நடக்கவைத்திருந்தோம். அவளுக்கு நான்கு வயசு.

மந்தாரை இலையில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் விழுந்தன. எதிர் வரிசை என் அம்மா ஊர். அம்மாவைப் பார்த்தேன். மாமனார் முதல் வாய் தின்றார், கண் கலங்கியிருந்தது. ஒவ்வொருவராகத் தின்றுகொண்டு வந்தார்கள். நாத்தனாரும் தின்றாள். நான் எழுந்து நின்றேன்.

“நான் இந்த வரிசையில துன்ன மாட்டேன்.”

நாட்டார் நிமிர்ந்தார்.

“நடுவுல நடந்ததக் கெளறக் கூடாதுன்னு பேசியாச்சேம்மா” என்றார்.

“நடுவுல நடக்கலிங்க. பிரியறதுக்கு முன்னாடியே பிடிக்கலன்னு சொல்லிட்டேன். மாமாவே ஒங்கள உக்கார சொல்றேன்னாரு. கேட்டுப் பாருங்க.”

நாட்டார் மாமனாரைப் பார்த்தார். மாமனார் பொய் சொல்லவில்லை. “ஆமாங்க” என்றார்.

என் வரிசையில் ஆள் ஆளுக்குக் கத்தினார்கள். ஊரையே கெடுக்கிறாயா, வந்தவள் புத்தியைக் காட்டிவிட்டாயே என்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நாத்தனார் முகம் தெரியும், அப்புறம் நிற்க முடியாது என்று தெரியும். அந்த முகத்தைத் தவிர வேறு எதற்கும் நான் அன்று பயப்படவில்லை.

அப்போது என் புருஷன் எழுந்தார். தொண்டையைச் செருமினார். எனக்குத் தெரியும், அவருக்கு ஏதோ கிடைத்துவிட்டது.

“நாட்டாரே, எங்க ஊரு ஆளுங்க துன்னணும்னுதான பேச்சு? துன்னுட்டாங்க. அவ எங்க ஊரு ஆளே இல்ல. என்னிக்கும் இருந்ததில்ல. அவ எல மிச்சம் கெடந்தா அது எங்க ஊரு கணக்குல வராது.”

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. நல்ல வாதம். நாட்டார் அவர் பக்கம் திரும்பினார்.

“ஊரு ஆளு இல்லன்னா ஒம் பொண்டாட்டியும் இல்ல. அப்படித்தான?”

அவர் வாயைத் திறந்தார். மூடினார். இந்தப் பக்கம் ஊர் முழுக்க அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவர் தங்கை சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஒரு நிமிஷம் மட்டும் அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது.

“இல்ல” என்றார்.

“நீ இன்னாம்மா சொல்ற?” என்று நாட்டார் என்னைக் கேட்டார்.

“பிடிக்கல” என்றேன்.

“ரெண்டு ஊருக் கவுண்டரும் இருக்கறீங்க, நான் இருக்கறேன். தீந்துது.”

அவ்வளவுதான். இத்தனை வருஷம் மூச்சு முட்டி முட்டிக் கேட்டது ஒரு சொல்லில் முடிந்துபோனது. உடம்பெல்லாம் லேசாகி, எனக்குச் சிரிப்புதான் வந்தது. எதிரே என் அம்மா எழுந்துவிட்டாள். தன் பக்கத்தில் இரண்டு இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஒன்று பெரிய இலை, ஒன்று சின்னது.

மகளைத் தூக்கத் திரும்பினேன். அவள் நாத்தனார் மடியில் இருந்தாள். மென்றுகொண்டிருந்தாள். நாத்தனார் கை குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றிருந்தது. நான் முதுகைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஊட்டியிருக்கிறாள். ஊருக்காக ஊட்டினாளா, பசித்து அழுதது பொறுக்காமல் ஊட்டினாளா, என்னை நிறுத்திவைக்க ஊட்டினாளா என்று இன்றுவரை அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை.

“நான் கேக்கலம்மா, அத்ததான் ஊட்டிச்சு” என்றாள் மகள். அப்புறம், அடி விழுமோ என்று பயந்தாளோ என்னவோ, என் இலையிலிருந்து ஒரு கை சோற்றை அள்ளி என்னிடம் நீட்டினாள். “நீயும் துன்னும்மா. நல்லா இருக்குது.”

தின்றாயிற்று, இனி அவள் இந்த ஊர்ப் பிள்ளை. எதிர் வரிசையில் என் அம்மா இரண்டு இலைக்கும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

நான் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.